வலி ஓலைக்குடியில், ஊசி டவுனில்

ஓலைக்குடிக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். "என்ன சோலியாப் போறீங்க?" என்று முதலில் விசாரிப்பார்கள். அவசரமான சோலி என்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊர் நல்ல ஊர்தான். கண்மாய் இருக்கிறது, கரையில் அய்யனார் இருக்கிறார், மனுசர்களும் நல்ல மனுசர்கள். அவர்களிடம் ஒரே ஒரு விசேஷம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதற்கு மேலே ஒரு இம்மி செய்ய மாட்டார்கள், கீழேயும் குறைக்க மாட்டார்கள்.

ஒருதரம் ரேஷன் கடைக்காரர், "சீனி வரல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஊரே பையும் கையுமாகக் கிளம்பிப் பாதி வழி போயிருக்கிறது. அங்கே ஒரு ஆள் நின்று யோசித்து, "அவரு வரச் சொன்னது நாளைக்கு. நம்ம போறது இன்னிக்கு" என்றார். அட ஆமா என்று அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் நாளைக்குப் போகலாம் என்று இருக்கிறார்கள். கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஊரில் சேவுகன் என்று ஒருத்தர். ஐம்பதைத் தாண்டிய ஆள். மீசை மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டது.

ஓலைக்குடியில் வருஷா வருஷம் புரவி எடுப்பு நடக்கும். வேளார் மண்ணைப் பிசைந்து, சுட்டு, வர்ணம் பூசி, ஒரு குதிரை செய்து வைப்பார். அதை மூங்கில் கம்புகளில் வைத்துக் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கி, வேளார் வீட்டு வாசலிலிருந்து அய்யனார் கோயில் வரைக்கும் கொண்டுபோவார்கள். நடுவில் எங்கேயும் குதிரையைத் தரையில் இறக்கக் கூடாது. முன்பக்கத்து இடது கம்பு சேவுகனுடையது. அவருடைய அப்பா தூக்கின கம்பு, அப்பாவுக்கு அப்பா தூக்கின கம்பு. ஒரு வருஷம் தோள் கொடுக்காமல் விட்டால் போச்சு, அந்த வருஷம் யார் தோள் கொடுத்தாரோ கம்பு அவருக்கும் அவர் பிள்ளைகுட்டிகளுக்கும் என்பது ஊர்க்கட்டு. சேவுகனுக்கு நிலம் கொஞ்சம், மாடு ரெண்டு, பெருமை என்று சொல்லிக்கொள்ள அந்தக் கம்பு ஒன்றுதான்.

இந்த வருஷம் குதிரை செய்ய ஊராரிடம் பிடிமண் வாங்கும்போதே வேளார் சொன்னார், குதிரை கொஞ்சம் கனமாக வரும், இப்பவே தோளைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. சேவுகன் நேரே வீட்டுக்கு வந்தார். கனமான சாமான் எது என்று சுற்றிப் பார்த்தார். ஆட்டுக்கல் இருந்தது. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் ராக்கு மாவாட்ட வந்து பார்த்தால் கல்லைக் காணோம், குழவி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

கரையில் சேவுகனுக்குக் கால் புரண்டது. இடது முட்டி வீங்கிப் பனங்காய் மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், நல்ல வேளை, ஆட்டுக்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ராக்குவின் தம்பி கூத்தனும் வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள், வாயும் அதே அளவு. ஒரு சீப்பு மலைப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "மச்சான், இந்த வருசம் நீங்க சிரமப்படாதீங்க. பேசாம உக்காந்துக்கங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். உங்க கஷ்டத்துல பாதி எனக்கும் உண்டுல்ல" என்றான். சொல்லும்போதே கை தன்னால் இடது தோளைத் தடவிவிட்டுக்கொண்டது.

முட்டி வலியைக்கூடச் சேவுகன் பொறுத்துக்கொண்டார். அந்தத் தடவலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புளியிலை ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் சேதம் இல்லை, வீக்கம்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றால் வயிறு எரிந்தது. அப்புறம்தான், டவுனில் சைக்கிள் கடைக்கு மாடியில் மரகதவல்லி என்று ஒரு டாக்டரம்மா மயிரிழை மாதிரி ஊசியைக் குத்தியே வலியை இறக்குகிறார் என்று ராக்கு விசாரித்து வந்தாள். அக்குபங்சர் என்று அதற்குப் பேராம்.

சேவுகனைக் கூட்டிக்கொண்டு ரெண்டு பேர் கிளம்பினார்கள். ஒருத்தர் அடைக்கலம். ஊரில் எந்தச் சிக்கல் என்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள், கேட்ட பிறகு சிக்கல் ரெண்டாகிவிடும். இன்னொருத்தன் வெள்ளைக்கண்ணு. கடைசியாக யார் பேசினார்களோ அவர் சொன்னதுதான் சரி என்பான்.

டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார். கட்டிலில் படுக்க வைத்து முட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு ஊசி, கெண்டைக்கால் பக்கம் ஒன்று, அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கையில் ஒன்று என்று மெதுவாகச் சொருகினார். சேவுகன் கத்துவதற்காக வாயைத் திறந்தார். வலிக்கவில்லை. திறந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் கொட்டாவி விட்டுச் சமாளித்தார்.

அடைக்கலத்துக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. வலி முட்டியில. நீங்க கையில குத்தியிருக்கீங்க" என்றார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "வலி இருக்கிற எடத்துலதான் குத்தணும்னு இல்லைங்க ஐயா. வேற எடத்துல குத்தினாலும் நரம்பு போய் மூளைக்குச் சேதி சொல்லும். ஒடம்புக்குள்ளயே வலியை அடக்குற மருந்து இருக்கு, அதை மூளை அவுத்துவிடும். வீக்கத்தைத் தூண்டிவிடுறதையும் கொஞ்சம் தணிக்கும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் ஒண்ணு போல கேக்காது, இவருக்குக் கேக்குதான்னு பாப்போம்" என்று பொறுமையாகச் சொன்னார். நான் திரும்பி வருகிற வரைக்கும் அசையாமல் படுத்திருக்க வேண்டும், நீங்களாக வீட்டில் ஊசி கீசி குத்திப் பார்க்கக் கூடாது என்றும் எச்சரித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஓலைக்குடி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது.

"எந்திரிங்கண்ணே, பஸ் வந்துருச்சு" என்றான் வெள்ளைக்கண்ணு.

சேவுகன் உதட்டை அசைக்காமல், "அசையக் கூடாதுன்னாங்க" என்றார்.

அடைக்கலம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அசையக் கூடாதுன்னு சொன்னது உன்னைத்தானே. எங்களை ஒண்ணும் சொல்லலியே" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ரெண்டு பேரும் கட்டிலின் தலைமாட்டையும் கால்மாட்டையும் பிடித்துத் தூக்கி, படியிறங்கி, கடைத்தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

கட்டிலில் ஒரு மனுசர் விறைப்பாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். பூக்கடைக்காரர் நல்ல மனசுக்காரர், ஒரு மாலையைக் கொண்டுவந்து சேவுகன் கழுத்தில் சாத்திவிட்டு, "எப்ப ஆச்சு?" என்று கேட்டார்.

"காலையிலதான் வந்தோம். ஊசி போட்டாங்க" என்றான் வெள்ளைக்கண்ணு.

பூக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். இதற்குத்தான் கண்ட இடத்தில் ஊசி போடக் கூடாது என்று கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். சேவுகனுக்கு மூக்கின் மேலே ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. டாக்டரம்மா பேச்சை மீறாமல், கண்ணில் தண்ணீர் வரவர ஈயைப் பொறுத்துக்கொண்டார். பிணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்த்த ஒரு அம்மா அங்கேயே மயங்கி உட்கார்ந்துவிட்டது.

பஸ் கண்டக்டர் கட்டிலை ஏற்ற மாட்டேன் என்றார். சீட்டுக் கிழித்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்கும் சேர்த்துக் கிழியுங்கள் என்று அடைக்கலம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். நடுத்தெருவிலேயே நின்று ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். சேவுகன் மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். மயங்கித் தெளிந்துகொண்டிருந்த அம்மா மறுபடியும் மயங்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சேவுகன் காலை மடக்கிப் பார்த்தார், மடங்கியது. வலி முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. இன்னும் நாலைந்து தடவை வந்து குத்திக்கொண்டால் வீக்கம் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு, கட்டிலை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த தடவை போக வேண்டிய நாளில் சேவுகனுடைய மாடு கன்று போடுகிற மாதிரி இருந்தது. வீட்டை விட்டு நகர முடியாது. என்ன செய்வது என்று அடைக்கலத்திடம் கேட்டார்.

அடைக்கலம் தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் கோடு போட்டார். "இது முட்டி. இது கை. நடுவுல எவ்வளவு தூரம்?"

"ரெண்டு முழம் இருக்கும்" என்றான் வெள்ளைக்கண்ணு.

"ரெண்டு முழம் தள்ளிக் குத்தினா கேக்குது. அப்ப மூணு முழம் தள்ளிக் குத்தினா?"

"கேக்கணும்."

"டவுனு வரைக்கும் தள்ளிக் குத்தினா?"

வெள்ளைக்கண்ணு கண்ணை மூடி, தூரத்தை மனசில் நடந்து பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் தாமசமாக் கேக்கும்" என்றான்.

அப்படியாகச் சேவுகன் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டார், அடைக்கலம் பஸ் ஏறினார். டாக்டரம்மா முன்னால் போய்க் கட்டிலில் படுத்து, கையை நீட்டினார்.

"உங்களுக்கு எங்கய்யா வலி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வலி ஓலைக்குடியில இருக்கும்மா. நீங்க குத்துங்க, நான் கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

டாக்டரம்மா எடுத்த ஊசியைத் திரும்ப டப்பாவில் வைத்தார். பிறகு, ஒருத்தர் உடம்பில் குத்தினால் இன்னொருத்தருக்குக் கேட்காது, நரம்பு விட்டுப் போகாமல் இருந்தால்தான் சேதி போகும், சேவுகனையே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

அடைக்கலம் ஊருக்கு வந்து அதில் பாதியைச் சொன்னார். நரம்பு விட்டுப் போகக் கூடாதாம்.

"நரம்புங்கிறது என்ன?" என்று சேவுகன் கேட்டார்.

"கயிறு மாதிரி ஒண்ணு."

மாடு கட்டுகிற தாம்புக்கயிறு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

கயிற்றின் ஒரு நுனியைச் சேவுகன் முட்டியில் கட்டினார்கள். மறு நுனியில் குத்து வாங்க ஒரு ஆள் வேண்டும். அடைக்கலம், குத்துவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வெள்ளைக்கண்ணு, குத்துவதைப் பார்ப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ராக்குவிடம் கேட்டார்கள். ராக்கு உலக்கையை எடுத்து, இதுவும் ஒரு ஊசிதான், யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"உன் மச்சினன் சொன்னானே, உன் கஷ்டத்துல பாதி அவனுக்கும் உண்டுன்னு" என்றார் அடைக்கலம்.

சேவுகன் முகம் பல நாளுக்குப் பிறகு மலர்ந்தது.

அடுத்த கேள்வி, வீட்டில் ஊசி குத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே. அதனால் சேவுகனை மட்டும் வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு, கயிற்றை வாசல் வழியாக வீதிக்குக் கொண்டுபோனார்கள். வீதியில் கூத்தன் வந்துகொண்டிருந்தான். மாப்ளே, இதைக் கொஞ்சம் இடுப்பில் சுற்றிக்கொண்டு நில்லு, மச்சானுக்கு வைத்தியம் என்றார்கள். மச்சானுக்கு வைத்தியம் நடப்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை இல்லாவிட்டாலும், ஊரார் முன்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சுற்றிக்கொண்டு நின்றான்.

ஓலைக்குடியில் மயிரிழை ஊசி ஏது. மூட்டை தைக்கிற கோணி ஊசிதான் இருந்தது. கையில் குத்த வேண்டும் என்பது முறை. கூத்தன் ரெண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்ததால், அடைக்கலம் பின்பக்கமாக வந்து, தாராளமான இடமாகப் பார்த்துக் குத்தினார்.

கூத்தன் ஒரு சத்தம் போட்டான். கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன. அடுத்த நொடி அவன் கிழக்கே ஓடினான். கயிறு விறைத்தது. உள்ளே படுத்திருந்த சேவுகன் பாயோடு வாசலுக்கு வந்தார், வாசலிலிருந்து வீதிக்கு வந்தார், வீதியில் பாதி தூரம் பாயிலேயே சவாரி போனார். முன்னால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மச்சினனைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அடைக்கலம் பின்னாலேயே ஓடிவந்து, "வலி எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"ஏப்பா, துளிகூடத் தெரியல" என்றார் சேவுகன். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவருக்கு முட்டி இருப்பதே ஞாபகம் இல்லை.

மறுநாள் முட்டி பழையபடி பனங்காய் ஆகிவிட்டது. கயிறு தரம் சரியில்லை என்று அடைக்கலம் சொன்னார். தென்னங்கயிறு போதாது, நைலான் வாங்கியிருக்க வேண்டுமாம்.

இதற்கு மேல் ராக்கு யாரையும் கேட்கவில்லை. புருசனைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றித் தானே டவுனுக்குக் கூட்டிப்போனாள். ஒழுங்காக ஊசி, ஒழுங்காக ஓய்வு. ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பனங்காய் எலுமிச்சம்பழமானது. சேவுகன் குச்சி இல்லாமல் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். மாடும் கிடேரிக் கன்று போட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகப் போனபோது அடைக்கலமும் கூட வந்திருந்தார். புரவி எடுப்பு நெருங்கிவிட்டது, கம்பு தூக்கலாமா என்று சேவுகன் கேட்டார். அந்தக் கம்பு போனால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

"நல்லா வடிஞ்சிருக்குங்க ஐயா. ஆனா இந்த வருசம் வேணாம். தோள்ல பாரத்தை வச்சுக்கிட்டு அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. ஊனினா மறுபடியும் வீங்கிரும்."

சேவுகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ராக்கு கூடவே நடந்தாள். அடைக்கலம் மட்டும் படியில் நின்று விரலை மடக்கிக் கொண்டிருந்தார்.

"தோள்ல பாரம் வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"காலைத் தரையில ஊனக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்குய்யா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றே" என்றார் அடைக்கலம். ராக்கு அப்போதே ஒரு பெருமூச்சு விட்டாள்.

புரவி எடுப்பன்று வேளார் வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. மேளம் முழங்கியது. குதிரை சிவப்பும் வெள்ளையுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. கூத்தன் புது வேட்டி கட்டி, தோளில் துண்டை மடித்துப் போட்டு, இடது கம்புக்குப் பக்கத்தில் முன்கூட்டியே வந்து நின்றுகொண்டான்.

சேவுகன் வந்தார். எல்லாரும் வழி விட்டார்கள்.

"மாப்ளே, என்னைய உக்காரச் சொன்னேல்ல" என்றார்.

"ஆமா மச்சான். நாற்காலி கொண்டாரச் சொல்லவா?"

"நாற்காலி எதுக்கு. நீ குனி."

ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது மச்சான் வாயிலிருந்து வந்த வார்த்தையை எப்படித் தட்டுவது. கூத்தன் குனிந்தான். சேவுகன் அவன் கழுத்தில் ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு ஜம்மென்று ஏறி உட்கார்ந்து, "இப்ப கம்பைக் குடுங்க" என்று தோளை நீட்டினார்.

இது முறையா என்று ஒரு கூட்டம் கேட்டது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கம்பு யார் தோளில் இருக்கிறது? சேவுகன் தோளில். தரையில் யார் கால் ஊனியிருக்கிறது? கூத்தன் கால். ஊர்க்கட்டு தோளைப் பற்றித்தான் சொல்கிறதே ஒழிய, காலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. டாக்டரம்மா காலைப் பற்றித்தான் சொன்னாரே ஒழிய, தோளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆகக்கூடி ரெண்டு பேர் பேச்சும் காப்பாற்றப்பட்டது. முறைதான் என்று தீர்ப்பாயிற்று.

"அப்ப நான் யாரு?" என்று கீழேயிருந்து கூத்தன் கேட்டான்.

"நீ என் முட்டி" என்றார் சேவுகன். "வலிக்காத முட்டி."

தூக்கினார்கள். ஒரு மூலை மட்டும் ஒரு ஆள் உயரம் மேலே போக, குதிரை வலது பக்கமாகச் சாய்ந்து, கீழே விழுகிற மாதிரி ஆடியது. வேளார் பதறிப்போய், மட்டமாகப் பிடியுங்கள், மட்டமாகப் பிடியுங்கள் என்று கத்தினார். மட்டம் என்றால் நாலு மூலையும் ஒரே உயரம். சேவுகன் இறங்க முடியாது. ஆகவே மற்ற மூன்று பேரும் ஏற வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு ஆள் குனிந்தான். வலது முன்கம்புக்காரர் வெள்ளைக்கண்ணு மேலே ஏறினார். குதிரை மட்டமானது. ஓலைக்குடிக் குதிரை அவ்வளவு உயரத்தில் போய் யாரும் பார்த்ததில்லை. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். சேவுகன் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். ஊரின் ஓட்டு வீடுகளையெல்லாம் மேலிருந்து பார்த்தபடி, அப்பாகூட இந்த உயரத்தில் தூக்கியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியாகக் கோயில் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே வெளிநாட்டில் சம்பாதித்த ஒரு புண்ணியவான் கட்டிக் கொடுத்த சிமெண்டு வளைவு இருக்கிறது. அதற்குள் நுழைந்துதான் அய்யனாரிடம் போக வேண்டும். முன்னால் போன சேவுகன் நெற்றியில் வளைவு இடித்தது.

ஊர்வலம் நின்றது. மேளமும் நின்றது.

"போன வருசம் தாராளமா உள்ள போச்சே" என்றான் வெள்ளைக்கண்ணு, கீழேயிருந்து.

"குதிரை வளந்துருச்சோ?" என்று யாரோ கேட்டார்கள். வேளார், போன வருஷத்து அளவேதான், கனம்தான் கூட என்று அடித்துச் சொன்னார்.

"நம்ம ஆளுக வளந்துட்டாங்களோ?"

"இந்த வயசுலயா."

அடைக்கலம் முன்னால் வந்தார். வளைவை ஒரு தட்டு தட்டினார். தூணைச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு திரும்பி, மெதுவான குரலில், "வீங்கியிருக்கு" என்றார்.

கூட்டம் வளைவை விட்டு ஓரடி தள்ளி நின்றது.

"கட்டின நாளா ஒக்காராம நிக்குது. வெயில், மழை, ரெண்டு காலு. வீங்காம என்ன செய்யும். மேல இருந்து கீழ வரைக்கும் வீங்கித்தான் வாசல் குறுகியிருக்கு. சேவுகன் முட்டியைப் பாத்தோமே, அதே சமாச்சாரம்."

ராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேலே இருக்கிற நாலு பேரும் இறங்கி நடந்தால் குதிரை வெற்றிலை போடுகிற நேரத்தில் உள்ளே போய்விடும் என்றாள்.

அடைக்கலம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "தங்கச்சி, உன் புருசன் எறங்கினா கால் ஊனணும். ஊனினா வீங்கும். இவரு எறங்காம மத்தவங்க எறங்கினா குதிரை சாயும். கூத்தன் கைக்குக் கம்பு மாறினா பரம்பரை உரிமை போகும். இருக்கிறது ஒரே வழி. வளைவுக்கு வைத்தியம் பாக்கணும்."

சேவுகன் மேலிருந்து, "அதுதான் சரி" என்றார். கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோணி ஊசியைக் கொண்டுவந்தார்கள். சிமெண்டில் குத்தினால் ஊசி வளையும் என்று ஒருத்தர் பயந்தார். வலிக்கிற இடத்தில் குத்துவது பழைய முறை, வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அடைக்கலம் அவரை உட்கார வைத்தார். திருவிழாவுக்காக ரெண்டு தூணிலும் குலை தள்ளின வாழை மரம் கட்டியிருந்தது. தூணோடு ஒட்டிக் கட்டியிருந்ததால் நரம்பு விட்டுப் போயிருக்கவும் வழியில்லை. அடைக்கலம் கண்ணை மூடி அய்யனாரை வேண்டிக்கொண்டு, வாழைத்தண்டில் ஊசியை மெதுவாகச் சொருகினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உருவினார். ஓட்டை வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"நீர் வடியுது" என்று ஊரே மூச்சை விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ரெண்டு தண்டிலும், குலைக்காம்பிலும் பார்த்துப் பார்த்துக் குத்தினார்கள். அப்புறம் எல்லாரும் வளைவையே பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே நிற்கிற நாலு பேருக்கும் ராக்கு கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறாள், மேலே இருக்கிறவர்களுக்குக் கம்பில் கட்டித் தூக்குச்சட்டியை நீட்டுகிறாள். கூத்தன், இந்தக் கம்பே தனக்கு வேண்டாம், எழுதிக்கூடத் தருகிறேன் என்று சொல்லிவிட்டான். தரையே மிதிக்காததால் சேவுகன் முட்டி இப்போது துளி வீக்கம்கூட இல்லாமல் பூரண குணம். கேள்விப்பட்டு டாக்டரம்மாவே பஸ் பிடித்து வந்தார். முட்டியை மேலே கை நீட்டித் தொட்டுப் பார்த்து, இனி தாராளமாக இறங்கி நடக்கலாம் என்றார்.

"இருக்கட்டும்மா" என்றார் சேவுகன். "எனக்கு வந்தது சரியாயிருச்சு. அதைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டரம்மா வளைவைப் பார்த்தார். வாழை மரங்கள் வெயிலில் வாடி, இலையெல்லாம் தொங்கி, ஒரு முழம் கீழே இறங்கியிருந்தன. அடைக்கலம் சாண் போட்டு அளந்து பார்த்துவிட்டு, டாக்டருக்கு டாக்டர் பேசுகிற தோரணையில் அவர் காதோடு சொன்னார்:

"எலைக்கு நல்லாக் கேட்டிருக்குங்கம்மா. சிமெண்டுக்குத்தான் கொஞ்ச நாள் பிடிக்கும்."